அலுவலகத்துக்கு ஒரு டிரோன்: வாங்குவது யார், பொறுப்பு யாருக்கு?

“தம்பி, உன்கிட்ட டிரோன் இருக்காமே? நாளைக்கு சைட்டுக்குக் கொண்டாந்து மேலேருந்து நாலு படம் எடுத்துக் குடுத்துடு. கிளையண்ட் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“சரிண்ணே.”

சிங்கப்பூரின் சிறு ஒப்பந்த நிறுவனங்களில் டிரோன் படப்பிடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கேட்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தம்பிக்கும் உற்சாகம்தான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் விளையாட வாங்கிய கருவி வேலைக்கும் பயன்படுகிறதே என்ற பெருமை. ஆனால் அந்த ஒரு “சரிண்ணே”யோடு, பொழுதுபோக்குக்கு வாங்கிய கருவி தொழில் கருவியாகிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. மாட்டிக்கொண்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவர்தான். அவர் வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருப்பவராக இருந்தால் விஷயம் அபராதத்தோடு முடியாது. ஊரில் வாங்கிய கடன், தங்கையின் படிப்பு, இங்குள்ள வேலை எல்லாமே ஆட்டம் காணும்.

எனவே எந்த டிரோன் நல்லது, எதில் கேமரா சிறப்பு என்ற கேள்விக்குள் போகும் முன், யார் பெயரில், என்ன நோக்கத்துக்காக, எந்த அனுமதியோடு என்ற கேள்வியை முடித்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்தப் போவது இதைத்தான்.

249 கிராம் என்னும் மயக்கம்

சிம் லிம் ஸ்குவேர் தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அங்கே டிரோன் விற்கும் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் எடைதான் முதலில் வரும்: “249 கிராம், பதிவு தேவையில்லை.” அவர் சொல்வது பொய்யில்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்திகளைப் பதிவு செய்யும் முறையைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2020 ஜனவரி 2 அன்று தொடங்கியது. பதிவு செய்ய 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவில்லாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 250க்குக் கீழே இருந்தால் இந்தப் பதிவு வேண்டாம்.

ஆனால் அந்தச் சலுகை பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவரை மனத்தில் வைத்துத் தரப்பட்டது. பொழுதுபோக்கும் இல்லாமல் கல்வியும் இல்லாமல் வேறு நோக்கத்துக்காகப் பறக்கவிட்டால், டிரோன் எத்தனை கிராமாக இருந்தாலும் நிறுவனத்துக்கு டிரோன் இயக்க அனுமதி வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும், பறக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் முதல் வகை நடவடிக்கை அனுமதி வேண்டும். கட்டுமான முன்னேற்றப் படம், கடை விளம்பரப் படம், கூரை ஓட்டைப் பார்க்கும் படம் எல்லாம் இதில் அடங்கும். அதாவது, கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் அந்த 249 கிராம், அலுவலகத்துக்கு இந்த அனுமதிகளின் சுமையைக் குறைப்பதில்லை. இது தெரியாமல் எடையை மட்டும் பார்த்துச் சிறிய கேமரா, சிறிய பேட்டரி கொண்ட டிரோனை வாங்கும் நிறுவனங்கள், படத்தின் தரத்தையும் விட்டுக்கொடுத்து, சட்டத்தின் பாதுகாப்பையும் பெறாமல் போகின்றன.

எடையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிஜேஐ நிறுவனம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட மினி 5 புரோவின் எடை 249.9 கிராம், நான்கு கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. உங்கள் கைக்கு வரும் பெட்டியில் 252 கிராம் டிரோன் இருந்தால் அது பதிவு வரம்பைத் தாண்டிவிட்டது. சமையலறைத் தராசில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

2025 டிசம்பர் 1 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன் வெளியில் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானலையில் அறிவித்துக்கொண்டே பறக்க வேண்டும். இந்த வசதி உள்ளேயே இருக்கிறதா, இல்லை தனிக் கருவியை மேலே பொருத்த வேண்டுமா என்று விலைப்புள்ளி கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒட்டவைக்கும் கருவிக்கும் எடை உண்டு. அது பறக்கும் நேரத்தைத் தின்னும்.

60 மீட்டர் எங்கிருந்து?

இந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2019 ஜூன் மாதத்தை நினைவூட்ட வேண்டும். அந்த மாதம் 18ஆம் தேதி இரவும் 19ஆம் தேதி அதிகாலையும் சாங்கி விமான நிலையத்தின் அருகே டிரோன்கள் தென்பட்டதால் 37 விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. அதே மாதம் 24ஆம் தேதி மறுபடியும் அதே கதை. ஏழு விமானங்களை வேறிடத்துக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. சின்னத் தீவு, வானமும் சின்னது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என ஐந்து விமான நிலையங்களும் தளங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள்: தெம்பனிஸ், ஹவ்காங், செங்காங், ஈசூன், சுவா சூ காங் என்று நம்மவர் நெருக்கமாக வாழும் பேட்டைகள் பலவும் உள்ளே வந்துவிடும். நம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கும் சுங்கை தெங்கா விடுதியும் தெங்கா விமானத் தளத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வார விடுமுறையில் டிரோனைக் கிளப்பும் இளைஞருக்கு இந்த வட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும். வட்டத்துக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட்டால் முதல் முறைக்கே 50,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

உயர வரம்பு 200 அடி, ஏறக்குறைய 60 மீட்டர். இதில் பலரும் கவனிக்காத சொல் ஒன்று இருக்கிறது: கடல் மட்டத்திலிருந்து. நீங்கள் நிற்கும் தரையிலிருந்து அல்ல. தேக்கா போன்ற தாழ்வான பகுதியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மேட்டுப் பகுதியில் தெரியும். புக்கிட் தீமா குன்றின் உச்சி 163 மீட்டருக்கும் சற்று அதிகம், அங்கே ஒருவர் டிரோனைத் தரையில் வைத்திருந்தாலே அது வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. இருபத்தைந்து மாடி வீவக கட்டடத்தின் மேல்மாடிகளும் இந்த வரம்பைத் தாண்டியவைதான்.

இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்மேப் தளத்தில் டிரோன் பகுதிகளைக் காட்டும் வசதி இருக்கிறது. முகவரியைத் தட்டினால் அந்த இடம் எந்தத் தடைப் பகுதிக்குள் வருகிறது என்று தெரிந்துவிடும். டிரோன் வாங்கும் முன், நீங்கள் வழக்கமாகப் படமெடுக்கப் போகும் இடங்களை அதில் தட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் சிவப்பில் வந்தால், வாங்கப் போகும் கருவி அலமாரியில்தான் உட்காரும்.

என்ன படம் வேண்டும்?

கொள்முதல் படிவத்தில் “டிரோன் — 1” என்று எழுதுவதற்குப் பதிலாக, “என்ன படம் வேண்டும்” என்று எழுதும் நிறுவனம் பாதிப் பணத்தை மிச்சப்படுத்திவிடும். 20 மெகாபிக்சல் கேமராவும் வழக்கமான அகல லென்ஸும் கொண்ட டிரோன் 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால், ஏறக்குறைய 86 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் ஒரே படத்தில் விழும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான இடத்தைக் குறிக்கும். மாதா மாதம் தளம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்ட இது தாராளம். கம்பி கட்டியதும் காங்கிரீட் போட்டதும் பொருள்களை அடுக்கியதும் பளிச்சென்று தெரியும்.

அதே டிரோனை வைத்துச் சுவரில் விரிசல் தேடினால் ஏமாற்றம்தான். அகல லென்ஸோடு விரிசலைப் பார்க்கச் சுவருக்கு ஐந்து மீட்டர் பக்கத்தில் போக வேண்டும், போனாலும் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். தொலைநோக்கு லென்ஸ் உள்ள மேவிக் 3 எண்டர்பிரைஸ் போன்ற டிரோன் 15 மீட்டர் தள்ளி நின்றுகொண்டே ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தரும். தள்ளி நிற்பது பாதுகாப்புக்கும் நல்லது, சுவர்க் காற்றில் டிரோன் அலைக்கழியாமலும் இருக்கும்.

இந்தச் சுவர் வேலை சிங்கப்பூரில் இப்போது பெரிய தொழிலாகி வருகிறது. கட்டட, கட்டுமான ஆணையம் 2022 ஜனவரி 1 முதல், 20 ஆண்டுக்கு மேற்பட்ட, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. முழுச் சுவரையும் கண்ணால் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பகுதியை நெருக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் சோதிக்க வேண்டும். முதல் வேலையை டிரோன் செய்துவிடும். இதற்கென்றே டிஆர் 78 என்ற தொழில்நுட்பக் குறிப்பும் இருக்கிறது. இரண்டாவது வேலைக்கு இன்னும் மனிதர்தான் கயிற்றிலோ தொங்கு மேடையிலோ இறங்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. கயிற்றில் இறங்குபவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயரத்திலிருந்து விழுவது இங்கே வேலையிட மரணங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒருவர் முப்பதாவது மாடியின் வெளியே தொங்கிக்கொண்டு சுவர் முழுவதையும் துழாவுவதற்குப் பதிலாக, டிரோன் முதலில் படமெடுத்து, சந்தேகமுள்ள இடங்களைக் குறித்துக் கொடுத்து, அந்த இடங்களுக்கு மட்டும் ஆள் இறங்கினால் அது உயிர் காக்கும் வேலை. டிரோனுக்குச் செலவழிக்க நல்ல காரணம் கேட்டால், இதைவிடப் பெரிய காரணத்தை நான் காட்ட முடியாது. விளம்பரப் படத்துக்காக மட்டும் வாங்குவதை நான் அவ்வளவு எளிதில் ஆதரிக்க மாட்டேன்.

லிட்டில் இந்தியாவில்

சிராங்கூன் சாலையில் நின்று மேலே பார்த்தால் டிரோனுக்கு ஆசை வருவது இயல்பு. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தின் சுதை உருவங்கள், தீபாவளிக்குச் சாலையின் குறுக்கே எழும் ஒளி வளைவுகள், 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட கடைவீடுகளின் சிவந்த ஓட்டுக் கூரைகள், 1900இல் கட்டப்பட்ட டான் தெங் நியா இல்லத்தின் வண்ணச் சன்னல்கள், எல்லாம் மேலிருந்து பார்க்க அழகுதான். நகைக்கடையோ உணவகமோ நடத்துபவருக்கு, தன் கடையை நடுவில் வைத்து மொத்தத் தெருவையும் காட்டும் ஒரு படம் வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது.

ஆனால் அதே தெருவைக் கீழே பாருங்கள். ஞாயிறு மாலை ஐந்தடி நடைபாதை நிரம்பி ஆட்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். தேக்கா நிலையத்தின் மேலே பஃபலோ ரோடு வீவக அடுக்குமாடிகளின் சன்னல்கள். புக்கிட் தீமா சாலையின் எதிர்ப்புறம் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, அதன் அறைகளில் பிரசவித்த தாய்மார்களும் நோயுற்ற குழந்தைகளும். இஸ்தானா பக்கத்திலேயே. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவது விதிப்படியும் தவறு, மனிதத்தன்மைப்படியும் தவறு. 900 கிராம் டிரோன் 40 மீட்டரிலிருந்து விழுந்தால் அது தலையில் விழும் செங்கல்.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் டிரோன் படத்துக்கும் பொருந்தும். முகம் அடையாளம் தெரியும்படி நிறுவனம் படமெடுத்தால் அதைச் சேர்த்து வைப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு. சன்னல் வழியே வீட்டுக்குள் விழுந்த காட்சியை விளம்பரத்தில் போட்டுவிட்டு, “தெரியாமல் வந்துவிட்டது” என்று சொல்லித் தப்ப முடியாது.

லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு என் நேரடி ஆலோசனை: வாங்காதீர்கள். கடைவீட்டின் ஓட்டுக் கூரையில் ஓடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க, ஏழெட்டு மீட்டர் நீளும் இலகுவான நீட்டுக் கம்பத்தின் முனையில் சிறிய ஆக்ஷன் கேமராவை மாட்டி, கைப்பேசியில் பார்த்தபடி படமெடுக்கலாம். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி எதுவும் வேண்டாம். பலகையும் முகப்பும் படத்தில் வர அந்த உயரமே போதும். தெருவின் அகலப் பார்வை வேண்டுமென்றால் உயரமான கட்டடத்தின் உரிமையாளரிடம் கேட்டு, மாடியிலிருந்து நல்ல கேமராவில் எடுக்கலாம். தீபாவளி ஒளியூட்டை அந்தக் கோணத்தில் எடுத்த படங்கள் டிரோன் படங்களுக்கு எள்ளளவும் குறைந்தவை அல்ல. என் கணக்கில் மேலானவை. வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்ட, நேர்மேலேயிருந்து பார்ப்பதைவிடச் சாய்ந்த பார்வைதான் சிறந்தது.

2025 ஜூலை 7 அன்று நடந்த திருச்செந்தூர் குடமுழுக்கில் டிரோன் மூலம் தீர்த்தம் தெளித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இங்கேயும் செய்யலாமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் டிரோனிலிருந்து எதையாவது தெளிப்பதற்குத் தனி அனுமதி தேவை. டிரோன்களுக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்கிறது. கோயில் குழுவினர் இதை மறக்க வேண்டாம்.

எந்த நாட்டுச் சரக்கு?

இனி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிறுவனங்களுக்கு. இங்கே பிரச்சினை கேமராவில் இல்லை. கொள்முதல் விதிகளில் இருக்கிறது.

2006இல் ஷென்ஜெனில் தொடங்கப்பட்ட டிஜேஐ உலக டிரோன் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கிறது. விலைக்குத் தரம் என்று பார்த்தால் அதற்கு இணையே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்கா கடந்த சில ஆண்டுகளாக அதற்கான கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தி வருகிறது. 2020 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 848ஆம் பிரிவு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை சீன டிரோன்களை வாங்குவதைத் தடுத்தது. 2020 டிசம்பரில் டிஜேஐ வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த அமெரிக்கப் பாதுகாப்பு டிரோன் சட்டம் மத்திய அரசு அமைப்புகள் அனைத்துக்கும் தடையை விரித்தது. 2025 டிசம்பர் 22 அன்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம், வெளிநாட்டில் தயாரான டிரோன்களையும் முக்கிய உதிரிப்பாகங்களையும் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது.

இதற்கும் ஜூரோங்கில் இருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளையில் வேலை பார்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். தலைமையகத்தின் கொள்முதல் பட்டியல் உலகம் முழுவதும் ஒன்றாகவே இருக்கும் இடங்களில், சிங்கப்பூர்ச் சட்டம் எதையும் தடுக்காவிட்டாலும் உள்விதி தடுத்துவிடும். அந்த நிலையில் அவசரப்பட்டு “டிஜேஐ இல்லாத ஏதாவது ஒன்று” என்று தேடுபவர்கள் ஆட்டெல் டிரோனை எடுத்துவிடுகிறார்கள். ஆட்டெலும் ஷென்ஜென் நிறுவனம்தான். விதி ஒரு பெயரைத் தடுக்கிறதா, தயாரித்த நாட்டைத் தடுக்கிறதா, உள்ளிருக்கும் பாகத்தையும் தடுக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு வெள்ளியும் செலவழிக்காதீர்கள்.

சீனாவைத் தவிர்த்துவிட்டால் மிஞ்சுபவை கொஞ்சம்தான், விலையும் கூடுதல். பிரான்சின் பேரட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட அனாஃபி யுஎஸ்ஏ 500 கிராம் எடை கொண்டது, 32 மடங்கு பெரிதாக்கும் வசதியும் வெப்பக் கேமராவும் உண்டு. வெளிவந்தபோது விலை 7,000 அமெரிக்க டாலர். அமெரிக்காவின் ஸ்கைடியோ 2023 ஆகஸ்டில் பொதுமக்களுக்கான டிரோன் விற்பனையை விட்டுவிட்டு நிறுவனங்களை மட்டும் கவனிக்கிறது. அதன் எக்ஸ்10 இரண்டு கிலோவுக்கு மேல். ஜப்பானின் சோனி 2021இல் கொண்டுவந்த ஏர்பீக்கை 2025 மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டது. அதை வாங்கிய நிறுவனங்களின் கையில் இப்போது தயாரிப்பு நின்றுபோன விலையுயர்ந்த கருவி இருக்கிறது. “சீனா இல்லை” என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. 2024 அக்டோபரில் சீனா ஸ்கைடியோ மீது தடை விதித்தபோது, பேட்டரி வழங்கல் அறுந்து, ஒரு டிரோனுக்கு ஒரு பேட்டரி என்று அந்த நிறுவனம் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அமெரிக்க டிரோனின் உயிர்நாடியும் சீனாவில்தான் இருந்தது. ஆகவே எந்த டிரோனாக இருந்தாலும் பேட்டரியை முதல் நாளே போதுமான அளவு சேர்த்து வாங்குங்கள். உள்ளூரில் பழுதுபார்க்க ஆள் இருக்கிறாரா என்பதை விலையை விட முக்கியமாகக் கருதுங்கள்.

அரசாங்க அமைப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இன்னொரு வரம்பும் இருக்கிறது. 6,000 வெள்ளி வரை சிறு கொள்முதல். அதற்கு மேல் 90,000 வெள்ளி வரை அரசாங்கக் கொள்முதல் தளமான ஜெபிஸில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். அதையும் தாண்டினால் ஒப்பந்தப்புள்ளி. டிஜேஐ மினி அல்லது மேவிக் வகைகளில் சில 6,000க்குள் அடங்கிவிடும். நாட்டுத் தடை உள்ள இடத்தில் மாற்று டிரோன் தேடினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அப்போது டிரோன் ஒரு பில், பேட்டரி ஒரு பில், கேமரா வடிகட்டி ஒரு பில் என்று உடைத்து வாங்கும் எண்ணம் வருவது இயற்கை. அப்படி உடைப்பது கொள்முதல் விதியை மீறுவது. தணிக்கையில் மாட்டுபவர் கையெழுத்திட்ட இளநிலை அதிகாரியாகத்தான் இருப்பார். கூடுதல் மாதம் ஆனாலும் விலைப்புள்ளி கேட்டே வாங்குங்கள். வானொலி அலைவரிசைக் கருவியென்பதால் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற மாடலா என்பதையும் விலைப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டுப் பதிப்பு இந்த இடத்தில்தான் சறுக்கும்.

நாட்டுத் தடை எதுவும் இல்லாத கட்டுமான நிறுவனத்துக்கு என் தீர்ப்பு நேரடியானது: மேவிக் 3 எண்டர்பிரைஸ் அல்லது அதன் தம்பியான மேட்ரிஸ் 4ஈ. 4/3 அங்குல உணர்வியும், பறக்கும்போதே படம் வளையாமல் எடுக்கும் இயந்திர ஷட்டரும், விரிசல் பார்க்கும் தொலைநோக்கு லென்ஸும் ஒன்றாகக் கிடைக்கின்றன. படங்களை நினைவட்டையில் மட்டும் சேமியுங்கள். தனிக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஊழியரின் சொந்தக் கைப்பேசியைச் செருகிப் பறக்கவிட வேண்டாம். வேலை முடிந்ததும் படம் நிறுவனக் கணினிக்குப் போக வேண்டும், தம்பியின் வாட்ஸ்அப்பில் தங்கக் கூடாது.

வானிலையையும் கணக்கில் எடுங்கள். இலகு டிரோன்கள் பலவும் தாங்கும் காற்று நொடிக்கு 10.7 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் வந்து விழும் சுமத்ரா சூறைக்காற்று 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். காலை ஏழு மணிக்கு வானம் மேற்கே கறுத்தால் அன்று பறப்பதை நிறுத்துங்கள், வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும்.

ஊருக்குப் போகும்போது டிரோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை முழுமையாகவோ பிரித்த பாகங்களாகவோ இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. சென்னை, திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் பறிகொடுக்க வேண்டாம்.

இங்கே செய்ய வேண்டியது

மாதம் ஒரு படம் தேவைப்படும் சிறு கடைக்கும் சிறு ஒப்பந்தக்காரருக்கும் டிரோன் இயக்க அனுமதி, உரிமம், காப்பீடு, பயிற்சி எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பது கட்டுப்படியாகாது. உரிமம் பெற்ற டிரோன் நிறுவனத்தை நாளுக்கு வாடகைக்கு அழைப்பதே அவர்களுக்கு ஏற்றது. அழைக்கும்போது டிரோன் இயக்க அனுமதியின் நகல், அந்த இடத்துக்கான நடவடிக்கை அனுமதி, மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்டதும் தயங்குபவரை வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

லிட்டில் இந்தியா வர்த்தகர்கள், மரபுடைமைச் சங்கத்திடமும், 1924 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபையிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உறுப்பினர்கள் அனைவருக்கும் சேர்த்து, உரிமம் பெற்ற ஒரு டிரோன் நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் போடுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை வந்து, அனுமதி பெற்ற நேரத்தில், கேட்ட கடைகளுக்கெல்லாம் கூரையையும் முகப்பையும் படமெடுத்துக் கொடுக்கட்டும். ஒருவர் தனியாகத் தாங்க முடியாத செலவு, நூறு பேர் பகிர்ந்தால் ஒரு மாத விளம்பரச் செலவுக்குள் அடங்கும். அதோடு, டிரோன் விதிகளை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, தங்கும் விடுதிகளிலும் தேக்காவிலும் ஒட்ட மனிதவள அமைச்சும் விமானப் போக்குவரத்து ஆணையமும் முன்வர வேண்டும். அந்தத் தாளின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: நிறுவன வேலைக்கு நிறுவனமே டிரோனும் அனுமதியும் ஏற்பாடு செய்ய வேண்டும், ஊழியர் தன் சொந்த டிரோனைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல.